பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்: தேர்வு, தொனி, பழுது

பேஸ் கிட்டாரின் பிக்கப் தரும் சிறு மின்னலையைப் பெருக்கி, டிரம்ஸுக்கு ஈடாக அரங்கில் ஒலிக்கச் செய்யும் கருவி பேஸ் ஆம்ப்ளிஃபையர். இசைக்கலைஞர்களின் வாயில் அது வெறும் ‘ஆம்ப்’. முன்பெருக்கியும் தொனித் திருகுகளும் பவர் பகுதியும் ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் இருந்தால் அது காம்போ. ஸ்பீக்கர் மட்டும் தனிப் பெட்டியில் இருந்தால் அந்தப் பெட்டி கேபினட், மேலே வைக்கும் மின்கருவி ஹெட்.

பார்வைக்கு இதற்கும் சாதாரண கிட்டார் ஆம்புக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வேலைதான் வேறு. கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸின் ‘ஈ’ தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸில். ஐந்து தந்தி பேஸின் ‘பி’ தந்தி இன்னும் இறங்கி 31 ஹெர்ட்ஸைத் தொடும். சத்தம் குறையாமல் ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னுமாக நான்கு மடங்கு தூரம் நகர்ந்தாக வேண்டும். அந்த நகர்வுக்குப் பெரிய பெட்டி வேண்டும், வலிய காந்தம் வேண்டும், தாராளமான மின்சாரம் வேண்டும். பேஸ் ஆம்பின் எழுபதாண்டு வரலாற்றில் பாதி இந்தக் கணக்கோடு நடந்த மல்லுக்கட்டு. மீதிப் பாதி, காது அந்த அடித்தளத்தை நம்பி மட்டும் பேஸைக் கேட்பதில்லை என்று மெல்ல மெல்லப் புரிந்துகொண்ட கதை.

பாஸ்மேன் முதல் கிளாஸ் டி வரை

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். கருவி வந்துவிட்டது, அதைத் தாங்கும் ஆம்ப் இல்லை. மறு ஆண்டே ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கரோடு ‘பாஸ்மேன்’ வெளிவந்தது. 1950களின் நடுவில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறியது. 1958 முதல் 1960 வரை தயாரான 5எஃப்6-ஏ என்ற சர்க்யூட்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பாஸ்மேன்.

வேடிக்கை என்னவென்றால், அது பேஸுக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. பின்புறம் திறந்த பெட்டி என்பதால் தாழ்ந்த ஸ்வரங்கள் பலமிழந்தன. சற்றுச் சத்தம் கூட்டினாலே ஒலி உடைந்தது. அந்த உடைசல் கிட்டார்காரர்களுக்கும் ப்ளூஸ் ஹார்மோனிகாக்காரர்களுக்கும் பிடித்துப்போயிற்று. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1960களின் தொடக்கத்தில் அதே சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஜேடிஎம்45 என்ற ஆம்பைச் செய்தார்கள். ராக் கிட்டாரின் கர்ஜனைக்குப் பாட்டன், பேஸுக்காக வரைந்த ஒரு சர்க்யூட்.

பேஸ்காரர்களின் தேவையை உள்ளிருந்து அறிந்தவர் எவரெட் ஹல். அவரே டபுள் பேஸ் வாசித்தவர். அந்தக் கருவியின் கீழ்முளைக்குள் பிக்கப்பைப் பொருத்தும் யோசனையோடு 1940களில் தொழில் தொடங்கி, ஆம்பெக் நிறுவனத்தை வளர்த்தார். அங்கே ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960இல் வெளிவந்த பி-15 ‘போர்ட்டாஃப்ளெக்ஸ்’ காம்போவில் ஆம்ப் முழுவதும் பெட்டியின் மூடியில் பொருத்தப்பட்டிருக்கும். வாசிக்கும்போது மேலே நிமிர்த்திக்கொள்ளலாம், முடிந்ததும் உள்ளே கவிழ்த்து மூடிவிடலாம். சுமார் 25 வாட்தான். ஆனாலும் பின்புறம் மூடிய பெட்டியில் 15 அங்குல ஸ்பீக்கர் தந்த உருண்டையான, வெதுவெதுப்பான ஒலி ஸ்டூடியோக்களின் அளவுகோலாயிற்று. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் பதிவுகளில் பேஸ்காரர் டொனால்ட் ‘டக்’ டன்னோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆம்ப் இது. டெட்ராய்ட்டில் மோடவுன் பதிவுகளின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் இரவு விடுதிகளில் பி-15 வைத்து வாசித்தார்; ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆம்பே இல்லாமல், பேஸை நேரே மிக்சரில் செருகித்தான் வாசித்தார். ‘ஜேமர்சன் ஒலி’ வேண்டுமென்று பழைய பி-15க்குப் பெரும்பணம் கொடுப்பவர்கள் இந்தப் பின்பாதியை மறந்துவிடுகிறார்கள். கனத்த தட்டைச்சுற்றுத் தந்திகளும், ஒரே ஆட்காட்டி விரலால் மீட்டிய பழக்கமும்தான் அந்த ஒலியின் பெரும்பங்கு.

ஹல்லுக்கு ராக் இசையும் பிடிக்காது, ஒலி உடைவதும் பிடிக்காது. 1967இல் அவர் நிறுவனத்தை விற்றார். இரண்டே ஆண்டில், 1969இல், அதே ஆம்பெக் பெயரில் எஸ்விடி வந்தது: 300 வாட், 14 வால்வுகள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கிட்டார்களுக்கும் சேர்த்து இதையே மேடையில் அடுக்கியது. ஹெட் மட்டும் 35 கிலோவைத் தாண்டும். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அதன் கேபினட் 60 கிலோவுக்கு மேல். ராக் மேடைகளில் பேஸ்காரருக்குப் பின்னால் குளிர்பதனப் பெட்டி போல நிற்பது அதுதான்.

இதே காலத்தில் அக்கூஸ்டிக் நிறுவனத்தின் 360, வால்வை விட்டு டிரான்சிஸ்டருக்குப் போனது. 200 வாட், பின்னோக்கிப் பார்க்கும் 18 அங்குல ஸ்பீக்கர், மடித்த ஹார்ன் பெட்டி. லெட் ஸெப்பெலினின் ஜான் பால் ஜோன்ஸும், பிறகு பேஸ்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸும் அதைப் புகழ்பெறச் செய்தார்கள். 1980களில் காலியன்-க்ரூகர் 800ஆர்பி தாழ்ந்த அலைகளுக்கு 300 வாட், உயர்ந்த அலைகளுக்கு 100 வாட் என்று பவரை இரண்டாகப் பிரித்தது. இங்கிலாந்தின் டிரேஸ் எலியட் பதினொரு பட்டை ஈக்வலைசரை முகப்பிலேயே பதித்தது; ‘லெவல் 42’ குழுவின் மார்க் கிங் கட்டைவிரலால் தட்டிய பளிச்சென்ற ஒலி அதோடு சேர்ந்தே நினைவுக்கு வரும்.

2000க்குப் பிறகு எடை சரிந்தது. பவர் பகுதியில் மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி, மின்வழங்கியில் கணினிக்குள் இருப்பதுபோன்ற ஸ்விட்சிங் சர்க்யூட், ஸ்பீக்கரில் நியோடிமியம் காந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து, 500 வாட் ஹெட்டைத் தோள்பையில் போடும் மூன்று கிலோப் பொருளாக்கிவிட்டன.

கேபினட், வாட், ஓம்

வாங்கப் போகிறவர்கள் முதலில் வாட் எண்ணைப் பார்க்கிறார்கள். அது பாதி ஏமாற்று. பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும், அதாவது ‘கொஞ்சம் கூடியிருக்கிறதோ’ என்று தோன்றும் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு பவர் தேவை. 300 வாட் ஹெட்டை விற்றுவிட்டு 500 வாட் வாங்குகிறவர் பெறுவது இரண்டு டெசிபலுக்குச் சற்று மேல். அதற்குப் பதிலாக அதே மாதிரி இன்னொரு கேபினட்டைச் சேர்த்தால், கூம்பின் பரப்பு இரட்டிப்பாகி, டிரான்சிஸ்டர் ஆம்பிலிருந்து கூடுதல் பவரும் இழுக்கப்பட்டு, தாழ்ந்த அலைகளில் 6 டெசிபல் வரை ஏறும். பலர் ஹெட்டில் பணத்தைக் கொட்டிக் கேபினட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். மாற்றிச் செய்வதே லாபம்.

ஸ்பீக்கரின் விட்டத்தை வைத்து ஒலியை முடிவுகட்டுவதும் பழைய மூடநம்பிக்கை. ‘பதினைந்து அங்குலம் ஆழம், பத்து அங்குலம் வேகம்’ என்பார்கள். ஆழத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்த கூட்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1960களிலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் இந்தக் கூட்டைக் கணக்கில் வடித்துத் தந்தார்கள். மூடிய பெட்டியில் எல்லைக்குக் கீழே ஒலி மெதுவாகத் தேயும், ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம். துளை வைத்த பெட்டி இன்னும் கீழே வரை பலமாக ஒலித்துவிட்டு, பிறகு 24 டெசிபல் வீதம் சரியும். துளையின் சுருதிக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றுக்கு வலுவிருக்காது. அங்கேதான் ஸ்பீக்கர்கள் கிழிகின்றன. ஐந்து தந்தி வாசிப்பவர் 30 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டி உள்ள ஹெட்டைத் தேடுவது இதனால்தான்.

எஸ்விடியின் பெருத்த கேபினட் மூடிய வகை. தாளில் பார்த்தால் அதன் ஆழம் சுமார்தான். ஆனால் எட்டு ஸ்பீக்கர் ஒரு தூணாக நிற்கையில் நடுத்தர அலைகள் வாசிப்பவரின் காது உயரத்துக்கே வந்துவிடுகின்றன. அது பெரிதாய்க் கேட்பதன் ரகசியம் அங்கே இருக்கிறது. சிறு கேபினட் வைத்திருப்பவர் அதை நாற்காலி மேல் ஏற்றிவைத்துப் பார்த்தால் இதில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கும்.

ஓம் கணக்கில் தவறக் கூடாது. 8 ஓம் கேபினட் இரண்டை இணைத்தால் 4 ஓம், 4 ஓம் இரண்டை இணைத்தால் 2 ஓம். டிரான்சிஸ்டர் ஹெட்டுக்கு அதன் பின்புறம் அச்சிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. ஸ்பீக்கரே இல்லாமல் ஓடினால் அதற்குக் கேடில்லை. வால்வு ஆம்ப் நேர் எதிர்: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் உயர் மின்னழுத்தம் பாய்ந்து எரித்துவிடும். கேபினட்டுக்குக் கிட்டார் வயரைப் பயன்படுத்துவது இரண்டு வகைக்கும் ஆகாது, அதன் உள்கம்பி மிக மெல்லியது. திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் இணைப்பு இருந்தால் அதுவே நல்லது.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த பழைய ஆம்பை வாங்குவோர் பின்புறம் ‘120 வோல்ட்’ என்றிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டில் நேரே செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். சிலவற்றில் மாற்றும் சுவிட்ச் உண்டு, சில புதிய ஹெட்கள் இரண்டையும் ஏற்கும், மற்றவற்றுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

தொனி

வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கையில் எல்லோருக்கும் பிடிக்கும் ஒலி ஒன்றுண்டு: பேஸ் திருகு ஏற்றம், ட்ரெபிள் ஏற்றம், நடுவே பள்ளம். அதே அமைப்போடு குழுவில் சேர்ந்தால் பேஸ் காணாமல் போகும். காரணம் காதில் இருக்கிறது. தாழ்ந்த அலைகளை மனிதக் காது குறைந்த சத்தத்தில் குறைவாகவே கேட்கிறது என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். வீட்டுச் சத்தத்துக்கு ஏற்றிய பேஸ், மேடைச் சத்தத்தில் வெறும் உறுமலாகிறது. சிம்பல்கள் ட்ரெபிளை மூடிவிடுகின்றன. மிஞ்சியிருக்க வேண்டிய நடுப்பகுதியை வாசிப்பவரே வெட்டி எறிந்திருப்பார்.

உண்மையில் ‘ஈ’ தந்தியைத் தட்டினால் 41 ஹெர்ட்ஸ் அடிப்படையை விட 82 ஹெர்ட்ஸ் இரண்டாம் அலையே பெரும்பாலும் வலுவாக வெளிவருகிறது. அடிப்படையே ஒலிக்காவிட்டாலும் மேலே உள்ள அலைகளை வைத்து மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். செல்போனின் சிறு ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனாலும் இளையராஜாவின் 1980களின் பாடல்களில் பேஸ் கிட்டார் போகும் வழியை அதில் பின்தொடர முடிகிறது.

மேடையில் பயன்படும் வரைபடம் ஏறக்குறைய இது. 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை எடை. 200 முதல் 300 வரை நிறைவு, மிஞ்சினால் குழப்பம். 500 முதல் 800 வரை ஸ்வரத்தின் முகம், எந்த ஸ்வரம் என்று தெரிவது அங்கேதான். 1,000 முதல் 2,000 வரை விரல் படும் ஓசை. 3,000க்கு மேல் தந்தியின் உலோகம், தட்டி வாசிப்போரின் சொடுக்கு. எஸ்விடியின் நடுத்திருகில் 220, 800, 3,000 ஹெர்ட்ஸ் என்று மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளும் சுவிட்ச் வைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஜாக்கோ பின் பிக்கப்பை மட்டும் திறந்து இந்த நடுப்பகுதியில் வாழ்ந்தார். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி அதன் கோடிக்கே போனார்: மார்ஷல் சூப்பர் பேஸ் ஆம்பில் மிட் என்ற நடுத்திருகை முழுக்க ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் இறக்கிவிட்டார். அது பேஸா, ரிதம் கிட்டாரா என்று பிரித்தறிய முடியாத ஒலி.

திருகுகளைத் தொடுமுன் இன்புட் கெயினைச் சரிசெய்வது நல்லது. மிக ஓங்கி மீட்டும்போது மட்டும் சிவப்பு விளக்கு சிமிட்டினால் போதும். ஆக்டிவ் பிக்கப் உள்ள பேஸானால் உள்வரும் அலையைத் தணிக்கும் பேட் சுவிட்சை அழுத்த வேண்டும். பிறகு ‘சமநிலை’. இதில் ஒரு கண்ணி உண்டு: எல்லாத் திருகும் நடுவில் நின்றால் சமநிலை என்பது எல்லா ஆம்புக்கும் பொருந்தாது. ஆம்பெக் வகையில் அது சரி. ஃபெண்டர் வகைச் சர்க்யூட்டில் எல்லாம் நடுவில் நின்றாலே மிட் பள்ளத்தில் கிடக்கும். பேஸும் ட்ரெபிளும் 2, மிட் 10 என்று வைத்தால்தான் ஏறக்குறைய நேர்கோடு. மார்க்பாஸ் ஹெட்களில் விபிஎஃப் என்ற திருகைக் கூட்டினால் 380 ஹெர்ட்ஸைச் சுற்றி வெட்டு விழும். தனியே கேட்க அழகு, குழுவில் ஆபத்து.

அரங்கமும் ஒரு திருகுதான். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். சிறு அறையில் அது சுவர்களில் மோதி ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் மறையும். கேபினட்டை மூலையில் தள்ளினால் தாழ்ந்த அலைகள் வீங்கும். ஒரு ஸ்வரம் மட்டும் ‘பூம்’ என்றால் பேஸ் திருகைத் தொடாமல் பெட்டியை ஒரு மீட்டர் நகர்த்திப் பார்ப்பது முதல் வைத்தியம். பெரிய மேடைகளில் கேட்பவருக்குப் போவது டிஐ வழியாக, அதாவது மிக்சருக்கு நேரே போகும் இணைப்பு வழியாக, செல்லும் ஒலி. ஹெட்டின் டிஐயை ஈக்வலைசருக்கு முன்னால் எடுக்கும்படி வைத்துவிட்டால், வாசிப்பவர் தன் காதுக்காகத் திருகும் திருகல்கள் மிக்சர்காரரைத் தொல்லை செய்யாது. ஒலியை உடைக்க விரும்புவோர் உடைந்த அலையோடு சுத்தமான தாழ்ந்த அலையைக் கலந்துகொள்ள வேண்டும். முழுவதும் உடைத்தால் அடித்தளம் போய்விடும்.

ஸ்டூடியோவில் இந்தத் தேடல் விசித்திர வழிகளிலும் போயிருக்கிறது. 1966இல் பீட்டில்ஸ் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவு செய்தபோது பால் மெக்கார்ட்னியின் பேஸ் போதிய அளவு ஒலிக்கவில்லை என்று, பொறியாளர் ஜெஃப் எமரிக் ஆம்பின் முன்னால் மைக்குக்குப் பதிலாக இன்னொரு பெரிய ஸ்பீக்கரையே நிறுத்தினார். ஸ்பீக்கரைத் தலைகீழாக இயக்கினால் அதுவும் ஒரு மைக்தானே.

பழுது

பெரும்பாலான பழுதுகள் சில்லறைப் பழுதுகள். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் ஜாக்குகளின் தொடுமுனை மங்கிக் கறுப்பது வழக்கம். ஒலி விட்டுவிட்டு வந்தாலோ, திடீரென்று பாதியாகக் குறைந்தாலோ, பின்புறம் எஃபெக்ட் சென்ட், ரிட்டர்ன் என்ற இரு துளைகளுக்கு இடையே ஒரு சிறு வயரைச் செருகிப் பார்க்கலாம். ஒலி திரும்பிவிட்டால் பழுது அந்த ஜாக்கின் உட்தொடுமுனையில் மட்டும். காண்டாக்ட் கிளீனர் தெளித்துப் பத்து முறை செருகி எடுத்தால் தீர்ந்தது. திருகு கரகரத்தால் அதற்கும் அதே மருந்து. சுத்தம் செய்த பிறகும் திருப்பும்போதெல்லாம் கரகரத்தால் முந்தைய கட்டத்தின் கெபாசிட்டர் ஒன்று டிசி மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று அர்த்தம். இன்புட் ஜாக்கை அசைத்தால் வந்து வந்து போகிற ஒலி, ஈயப்பற்று விரிந்ததன் அடையாளம்.

உறுமலைக் காதாலேயே பிரிக்கலாம், அதுவும் பேஸ்காரருக்கு எளிது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உறுமல் ‘ஈ’ தந்தியின் மூன்றாம் கட்டைக்குப் பக்கத்தில், 50 ஹெர்ட்ஸில் கேட்டால் எர்த் சிக்கலையோ, கவசம் கழன்ற வயரையோ, வால்வின் ஹீட்டரையோ சந்தேகிக்க வேண்டும். திறந்த ‘ஜி’ தந்தியின் 98 ஹெர்ட்ஸை ஒட்டி, 100 ஹெர்ட்ஸில் கேட்டால் மின்வழங்கியின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வற்றிவிட்டன. பழைய ஆம்ப்களில் அவை முதலில் மாற்ற வேண்டிய உறுப்புகள்.

ஸ்பீக்கரைச் சோதிக்க 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஒரு நொடி தொட்டால் கூம்பு துள்ள வேண்டும். விரல்களால் கூம்பை மெல்லச் சமமாக அழுத்தும்போது உள்ளே உரசல் கேட்டால் கூம்போடு ஒட்டிய கம்பிச்சுருள் கருகியோ வளைந்தோ இருக்கிறது. கூம்பையும் சுருளையும் புதிதாக மாற்றித் தரும் ‘ரீகோன்’ வேலை செய்பவரிடம் போக வேண்டியதுதான். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் அளவில்தான் காட்டும், அது பழுதல்ல. குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் ‘கிர்’ என்ற அதிர்வு வந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லுமுன் கைப்பிடி, வலைத்தட்டி, திருகாணி எல்லாவற்றையும் இறுக்கிப் பார்ப்பது நல்லது.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ் ஒருமுறை போடலாம். மறுபடி போனால் உள்ளே கோளாறு. பெரிய ஃபியூஸ் போடுவது டிரான்ஸ்ஃபார்மரைக் கொளுத்தும் வேலை. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் திறந்த ஆம்பை நேரே பிளக்கில் செருகுவதில்லை. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துச் செருகுவார்கள். பல்பு பளீரென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். ஸ்விட்சிங் மின்வழங்கி உள்ள ஹெட்களில் இந்தச் சோதனை குழப்பமான பதில் தரும்.

வால்வு ஆம்பின் மூடியைத் திறப்பது தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டியது. எஸ்விடியின் உள்ளே 700 வோல்ட் அளவுக்கு ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். மின்தடை வழியே அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கலாம். பவர் வால்வை மாற்றினால் பயாஸை, அதாவது வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தை, சரிபார்க்க வேண்டும். வால்வுக்குள் இருக்கும் தகடு சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணைக்க வேண்டும். உறுமலைப் போக்குகிறேன் என்று எர்த் முனையை முறிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972இல் வேல்ஸின் ஸ்வான்ஸி நகர மேடையில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். உறுமலுக்கு டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் போதும். இருமுனை பிளக்கோடு வரும் பழைய அமெரிக்க ஆம்ப்களில் மெயின்ஸிலிருந்து சட்டகத்துக்குப் போகும் கெபாசிட்டரை நீக்கி, மூன்று முனை வயர் போட்டுத் தருவது நல்ல கடைகளின் வழக்கம்.

இலகுவான புதிய ஹெட்களின் சிக்கல் வேறு மாதிரி. விசிறியில் தூசி அடைத்துச் சூடேறி அணைந்துவிட்டால் ஊதித் துடைத்தாலே எழுந்துகொள்ளும். ஆனால் பவர் பகுதி போய்விட்டால் பொடிப் பொடி உறுப்புகள் நிறைந்த பலகையை யாரும் தனித்தனியாகப் பழுது பார்ப்பதில்லை, மொத்தப் பலகையையும் மாற்றுகிறார்கள். அந்தப் பலகையின் தயாரிப்பு நின்றுவிட்டால் ஹெட்டும் நின்றுபோனது. அறுபது வயது கடந்த பி-15க்கு அந்தக் கவலை இல்லை: அதன் 6எல்6 வால்வுகள் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் தயாராகின்றன.